முன்னுக்கு நின்றவனுக்கு

தம்பி,

இன்று காலை கறித்தூள் பையின் வாயைக் கட்ட நூல் தேடிக் குசினி மேசை லாச்சியை இழுத்துக் கிளறினேன். நூல் அகப்படவில்லை. நீ விரல்களுக்குச் சுற்றுகிற வெள்ளை ஒட்டுப்பட்டிதான் அகப்பட்டது. பாதிச் சுருள் மிச்சம் இருக்கிறது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். கர்ப்பூரத் தைலமும் வியர்வையும் ஈரப் புல்லும் கலந்த உன் விளையாட்டுப் பையின் மணம் இன்னும் போகவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு மேசைக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

முதலில் பிள்ளைகளின் புதினம். அதைச் சொல்லாமல் எனக்குக் கடிதம் எழுத வராது. என் மகனின் மூத்தவள் பேர்கன் நகரில் பல் வைத்தியத்துக்குப் படிக்க எடுபட்டுவிட்டாள். அவளுக்கு இளையவன் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் எடுத்தான். தங்கம் எடுத்த பெடியன் இவனைவிட மூத்தவன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் மகளின் பக்கத்தில், சுபாவின் தம்பி பொறியியல் முடித்து, கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற இடத்தில் வேலை செய்கிறான். ஹெலிகொப்டரில் கொண்டுபோய் இறக்குகிறார்களாம். உன் சுபாவுக்குக் கந்தோரில் பதவி உயர்வு. நோர்வேக்காரர் ஆறு பேர் இப்போது அவளுக்குக் கீழே. எல்லாவற்றிலும் பெரிய புதினம், உன் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முதலாம் இடம். மேடையில் ஒரு சொல்லும் தடக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை இருந்து எடுத்த வாசிப்பை அவள் முதலாம் வகுப்பிலேயே எடுத்துவிட்டாள்.

இந்த வரிசையில் உன்னையும் சேர்த்துச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. இங்கே ஒஸ்லோவில், ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் தமிழ் முகம் கண்டால் நிறுத்திவிடுவேன். "எங்கடை பேத்தியின்ர மனுசன் பிரான்ஸ் நாட்டுக்கு விளையாடினவர்" என்பேன். "உதைபந்தோ?" என்று கேட்பார்கள். "அதைவிடப் பெரிசு" என்பேன். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒரு பிள்ளை மட்டும், "ரக்பியா பாட்டி? சூப்பர்!" என்று கை கொடுத்தான். அவனுக்கும் பதினைந்து பேர் ஆடுகிற ஆட்டம்தான் தெரியும். உன்னுடையது பதின்மூன்று பேர் ஆடுவது. அதை நான் அவனுக்கு விளங்கப்படுத்த, அவன் பஸ்ஸை விட்டுவிட்டான்.

ஆனால் நீ இந்த வீட்டுக்குள் வர முதல் நடந்த கூத்து உனக்கு முழுதாகத் தெரியாது. சுபா படிக்கவென்று இங்கிலாந்தின் வடக்கே போனாள். திரும்பி வந்து, இப்படி ஒருவர் இருக்கிறார் என்றாள். என் மகள், உன் மாமி, இரவுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வெள்ளைக்காரனைக் கட்டுறதெண்டால் ஒரு டொக்டரைக் கட்டன். பந்து விளையாடுறவனையோ கட்டுவாய்?"

"அது அவற்ர உத்தியோகம் அம்மா. சம்பளம் குடுக்கினம்."

"அங்கை குடுக்கினம். நோர்வேயிலை அந்தப் பந்துக்கு ஆரடி சம்பளம் குடுக்கப் போயினம்?"

அவள் கேட்டதில் பிழை இல்லை. இங்கே அந்தப் பந்தைக் கண்டவர்களே இல்லை. ஆனால் நீ எங்கள் புருசெத் வீட்டுக்கு வந்து வாசலில் குனிந்து நுழைந்தபோது, மாமி இரண்டு அடி பின்னுக்குப் போனாள். அப்படி ஓர் உருவம். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. காதுகளைப் பார்த்துவிட்டு, உனக்குத் தமிழ் தெரியாது என்ற துணிவில் சத்தமாகவே கேட்டேன்:

"ஏன் பிள்ளை, இவருக்குக் காது அவிச்ச சிப்பி மாதிரிக் கிடக்கு?"

சுபா வெட்கமில்லாமல் அதை உனக்குச் சொல்லிவிட்டாள். நீ வீடு அதிரச் சிரித்தாய். என் கையைப் பிடித்து உன் காதில் வைத்தாய். எலும்பு மாதிரி இறுகியிருந்தது.

"முன்னுக்கு நிக்கிற ஆக்கள் எல்லாருக்கும் இப்பிடித்தான் அம்மம்மா," என்றாள் சுபா. "தலைக்கும் தலைக்கும் நடுவிலை தலையைக் குடுத்துத் தள்ளுறது."

அன்று மூன்று தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டாய். மாமி நான்காம் தரம் தானாகவே போட்டாள். அத்தோடு கல்யாணம் நிச்சயமாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மருமகப்பிள்ளை முறைக்கு உன்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடத் தொடங்கினேன். நீங்கள் இரண்டு பேரும் எங்கள் மாடிக்கட்டடத்திலேயே, எங்களுக்கு மேலே வீடு எடுத்தீர்கள். ஸ்ட்ரோம்மனில் தளபாடக் கடைக் களஞ்சியத்தில் உனக்கு விடியப்புற வேலை. சுபாவும் மாமியும் வேலையால் வரப் பின்னேரமாகும். மத்தியானம் தாண்டி நீ வந்து கதவைத் தட்டுவாய். "அம்மம்மா, நான் நல்ல பசி." அப்படிக் கேட்கிறவனை எப்படி 'நீங்கள்' என்பது? 'நீ' ஆகிவிட்டாய்.

சாப்பிட்டு முடிய வீடியோ கசெட் போடுவாய். உன் சீவியம் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருந்தது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் உன் சின்ன ஊர், சேற்று மைதானம், பதினேழு வயதில் மெலிந்த உடம்போடு நீ. பிறகு நீலச் சட்டையில் பிரான்சின் சேவல் சின்னம் போட்டு நாட்டின் இளைஞர் அணிக்கு. பிறகு பெரிய அணி. பிறகு இங்கிலாந்தில் மூன்று பருவம், எட்டாம் நம்பர்ச் சட்டை. கூட்டத்துக்குள் உன்னைத் தேட எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. பந்தை எடுத்தவுடன் நேராகப் போய் ஆட்களின்மேல் இடிக்கிறவன் நீதான். மூன்று பேர் சேர்ந்து உன்னை விழுத்துவார்கள். எழும்பி, பந்தை நிலத்தில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிடுவாய். அடுத்தவன் எடுத்துக்கொண்டு ஓடுவான். நீ திரும்பவும் பின்னால் நடந்து போய் நிற்பாய், அடுத்த இடிக்கு.

"ஏன்டா தம்பி நேராப் போய் இடிக்கிறாய்? பக்கத்தாலை போகேலாதோ?"

"பக்கத்தாலை வேறை ஆள் போற. நான் இடிச்சா, அவனுக்கு இடம்."

உன் பாதித் தமிழில் சொன்ன அந்தச் சொல்லை நான் நெடுநாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆடியவன், நீ கோட்டைத் தாண்டிப் பந்து வைத்துப் புள்ளி எடுத்த தரங்களைக் கை விரலால் எண்ணிவிடலாம். அதில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாய். சனம் எழும்பி நின்று கத்தும். நீ பந்தோடு புல்லில் கிடந்து சிரிப்பாய்.

உங்கள் நாட்டில் பதினைந்து பேர் ஆட்டம்தான் பெரிய ஆட்கள் பார்க்கிறது என்றாய். உன் தாத்தா காலத்தில், இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, உங்கள் பதின்மூன்று பேர் ஆட்டத்தை அரசாங்கமே தடை செய்து, மைதானங்களையும் உடைமைகளையும் பறித்துக்கொண்டதாம். சுபா அதை எனக்குத் தமிழில் சொல்லி முடிக்க, நான், "இவரும் எங்கடை ஆள்தான்" என்றேன். நீ ஏன் நாங்கள் சிரிக்கிறோம் என்று விளங்காமல் நீயும் சிரித்தாய்.

இன்னொன்றும் செய்து காட்டினாய். தலையில் அடிபட்டு விழுந்தால் வெளியிலிருந்து ஒருவன் ஓடிவந்து கேள்வி கேட்பானாம். இது எந்த ஊர், இன்று என்ன கிழமை, யாரோடு விளையாடுகிறாய். பிழையாகச் சொன்னால் வெளியே இருத்திவிடுவார்கள். வெளியே இருந்தால் அடுத்த கிழமை உன் இடத்தில் வேறொருவன். ஆகவே நீங்கள் எல்லாரும் உடுப்பு மாற்றும்போதே அந்தப் பதில்களைப் பாடமாக்கிக்கொண்டு போவீர்கள். கண்ணை மேலே செருகி, தள்ளாடிக்கொண்டே, மூன்று பதிலையும் டக்கென்று சொல்லி நடித்துக் காட்டினாய். நானும் மாமியும் வயிறு நோகச் சிரித்தோம்.

கடைசியில் கழுத்து எலும்பு விட்டுக்கொடுத்துத்தான் நீ நிறுத்தினாய். இனி இடிபடக் கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுக்க, அணி உன்னை அனுப்பிவிட்டது. முப்பத்தொரு வயது. அந்த வயதில் இங்கே பிள்ளைகள் படிப்பே முடிப்பதில்லை. நீ ஓர் உத்தியோகத்தை முடித்துவிட்டு, தெரியாத நாட்டில் அலுமாரி தூக்க வந்தாய். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. மகள் பிறந்தபோது மட்டும், அவளை இரண்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பந்து பிடிக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டாம் என்று மாமி ஏச ஏச, அழுதாய்.

இனி அந்தப் பாஷைக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இருந்தேன், சுற்றிக்கொண்டு நிற்கிறேன்.

நீயும் சுபாவும் முதலில் ஆங்கிலத்தில் கதைத்தீர்கள். அது இரண்டு பேருக்கும் இரவல் பாஷை. ஒஸ்லோ வந்தபின், நீ நோர்வே மொழிப் பரீட்சை பாஸாக வேண்டும் என்று, "இனி வீட்டிலை நோர்ஸ்க் மட்டும்" என்று சுபா சட்டம் போட்டாள். என்னோடும் மாமியோடும் உனக்குப் பாதித் தமிழ். உன் சொந்தப் பாஷை, ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவோடு தொலைபேசியில் மட்டும். எங்கள் வீட்டில் அதில் ஒரு சொல் தெரிந்த ஆள் இல்லை.

நான்தான் கொஞ்சம் பொறுக்கினேன். சாப்பிடும்போது நீ ஒரு சாமானைக் காட்டுவாய், நான் தமிழில் சொல்வேன், நீ உன் பாஷையில் சொல்வாய். உப்பு, 'செல்'. தண்ணீர், வெறும் 'ஓ'. கோதுமைப் பாண் துண்டைக் காட்டி நான் "பாண்" என்றேன், நீ "பன்" என்றாய். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய்.

ஓர் இலையுதிர் காலத்தில் சனிக்கிழமைகளில் ஓர் அணிக்குப் பழக்கப் போனாய். அவுஸ்திரேலியாக்காரர், இங்கிலாந்துக்காரர், இந்த ஆட்டத்தைக் கண்டிராத நோர்வேப் பெடியன்கள். சொல்லிக் கொடுக்க மட்டும்தான், இடிபடுவதில்லை என்று சுபாவுக்குச் சத்தியம் செய்திருந்தாய். ஒரு சனிக்கிழமை ஓர் ஆள் குறைந்தது. நானும் உன் மகளும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு மைதானக் கரையில் இருந்தோம். நீ என்னைப் பார்த்து, சுபாவுக்குச் சொல்லாதே என்று உதட்டில் விரல் வைத்துவிட்டு உள்ளே போனாய். புதிதாக வந்த ஒரு பெடியன் விழுகிறபோது அவன் முழங்கால் உன் தலைப் பக்கத்தில் பட்டது. சத்தம் கரைக்குக் கேட்டது. நீ எழும்பினாய். பந்தை வைத்தாய், காலால் உருட்டினாய், திரும்பி நடந்து போய் நின்றாய். எழும்பினால் சரி என்பதுதான் உங்கள் ஆட்டத்தின் கணக்கு. அன்று வீட்டுக்கு வந்து அதைச் சுபாவுக்கு நானே சொன்னேன். அவள் உன்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

பிறகு எல்லாம் மெல்ல மெல்ல. தலையிடி என்றாய், குளிசை போட்டாய். இருட்டுக் காலம் தொடங்கியிருந்தது. இந்த நாட்டில் அந்த மாதத்தில் எல்லாருக்கும் தலையிடிதான், எல்லாருக்கும் நித்திரைதான். வேலையால் வந்து சாய்கதிரையில் கண்ணை மூடுவாய். "ஆள் சோம்பேறியாப் போச்சு" என்று மாமி முணுமுணுத்தாள். உன் நோர்ஸ்க் சொற்கள் இடம் மாறி விழுந்தன. சுபா திருத்தினாள். உன் தமிழ் குழம்பியது. எல்லாரும் பகிடி பண்ணினோம்.

"என்ன அத்தான், வர வரத் தமிழ் தேயுது?" என்றான் சுபாவின் தம்பி. "கரண்டிக்கு 'அது' எண்டுறியள், கதவுக்கும் 'அது' எண்டுறியள்."

நீயும் சிரித்தாய். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. பிறகு, பிறகு என்றாய். அவர் நத்தார்ப் பண்டிகைக்கு வரத்தானே போகிறார் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு மத்தியானம் நீ உப்பைக் காட்டினாய். நான் "உப்பு" என்றேன். "உன்ர பாஷையிலை?" என்று கேட்டேன். நீ அந்தச் சாடியைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். மறுபடியும் சாடியைப் பார்த்தாய். பிறகு மெல்லச் சிரித்து, "ஓம்" என்றாய்.

அன்று பின்னேரம் சுபா வந்தவுடன் சொன்னேன். அவளும் பயந்து, அடுத்த நாளே உன்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நல்ல மனிசன் என்றுதான் சுபா இன்றைக்கும் சொல்கிறாள். அவரும் அந்தக் கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார். பெயர் என்ன. இன்று என்ன கிழமை. இப்போது எங்கே இருக்கிறாய். தம்பி, நீ ஒரு சீவியம் முழுக்கப் பாடமாக்கிய பதில்கள் அவை. டக்கென்று சொல்லிவிட்டாய். மிச்சக் கதையில் சொற்கள் தடக்கியதை, வெளிநாட்டுக்காரரின் நோர்ஸ்க் அப்படித்தானே என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்கள் நினைக்கவில்லையா? களைப்பு, தலையிடி, இருட்டுக் காலம். எழும்பியவன்தானே என்று, அந்த முழங்கால் பட்டதை அவருக்குச் சொல்ல எங்களுக்கும் நினைவு வரவில்லை. குளிசையோடு அனுப்பிவிட்டார்.

நத்தாருக்கு உன் அம்மா வந்தார். அவருக்கு ஆங்கிலமும் இல்லை, நோர்ஸ்க்கும் இல்லை. இரண்டு பாற்கட்டியும் ஒரு போத்தல் வைனும் தூக்கிக்கொண்டு படி ஏறி வந்தார். வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தோம். நீதான் கதவைத் திறந்தாய். அவர் ஏதோ கேட்டார். நீ பதில் சொன்னாய். எங்கள் காதுக்கு அது பிரெஞ்சுதான். அவர் பையைக் கீழே வைத்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. இன்னொன்று கேட்டார். நீ சொன்னாய். அவர் உன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல, மெல்ல மெல்ல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். நீ வாயைத் திறந்தாய், மூடினாய். சிரித்தாய். உப்புச் சாடிக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு.

அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். ஒருவருக்கும் விளங்கவில்லை. மாமி, "வந்ததும் வராததுமா என்னவாம்?" என்றாள். அவர் தன் தலையில் அடித்துக் காட்டினார், உன் தலையைக் காட்டினார், வாயைக் காட்டினார், கதவைக் காட்டினார்.

"சுபா, காரை எடு பிள்ளை" என்றேன். "இவ தாய். இவவுக்குத்தான் தெரியும்."

லேகேவக்த் என்கிற அவசர வைத்திய இடத்தில், தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். உன் அம்மா சொன்னதை அவர் நோர்ஸ்க்கில் சொல்ல, சுபா எனக்குத் தமிழில் சொன்னாள்: "என்ர மகன் பிரெஞ்சைப் பிறத்தியான் மாதிரிக் கதைக்கிறான்."

தலையைப் படம் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குக் கீழே பழைய இரத்தம், அந்த முழங்கால் பட்ட பக்கத்தில், கிழமைக் கணக்காகக் கசிந்து கசிந்து, மூளையை ஒதுக்கிக்கொண்டு கிடந்தது. உடனேயே ஓட்டையிட்டு இறக்கினார்கள். முன்னமே வந்திருந்தால், என்று வெட்டிய டொக்டர் தொடங்கி, சுபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஒரு பின்னேரம் நீ கண் விழித்தாய். தலையில் வெள்ளைத் துணி. சுபா ஒரு கை, அம்மா ஒரு கை. கதைக்கத் தொடங்கினாய். அம்மாடி, என்ன கதை! ஆற்றுத் தண்ணீர் மாதிரி, தடக்கில்லாமல், கையை ஆட்டி ஆட்டி, சிரித்துச் சிரித்து. எல்லாம் உன் சொந்தப் பாஷையில். உன் அம்மா அழுதுகொண்டு தலையாட்டினார். உன் பாஷை திரும்பி வந்துவிட்டது என்று எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னவாம் பிள்ளை, என்ன சொல்லுறான்?"

"எனக்கு விளங்கேல்லை அம்மம்மா," என்றாள் சுபா. உன் கையை விடாமல், உன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒண்டுமே விளங்கேல்லை."

இரண்டாம் தரம் இரத்தம் கசிந்தது அதற்கு அடுத்த நாள். நீ பிறகு கண் விழிக்கவில்லை. புது வருஷ வாணவேடிக்கைக்காக ஊர் முழுக்க ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்த கிழமையில், நீ போனாய்.

அன்று என்ன கதைத்தாய் என்பதைப் பிறகுதான் மொழிபெயர்ப்பாளர் மூலம் அறிந்தோம். தோற்ற ஓர் இறுதி ஆட்டத்தில் பெய்த மழையைப் பற்றிச் சொன்னாயாம். யார் வென்றது என்று கேட்டாயாம். மகளின் சப்பாத்து நனைந்து கிடக்கிறது, யாராவது சூட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று இரண்டு தரம் சொன்னாயாம். அன்று அவள் சப்பாத்து மெய்யாகவே நனைந்துதான் கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

உன்னை உன் ஊரிலேயே புதைத்தார்கள். சுபா சம்மதித்தாள். நான் இந்த முழங்காலோடு விமானம் ஏறி வந்தேன். கோயில் வாசலில் உன் பழைய கூட்டாளிகள் நின்றார்கள். எல்லாருக்கும் அதே மூக்கு, அதே காது. மழையில் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒருவரோடு ஒருவர் தோள் முட்ட நின்று உன்னைத் தூக்கினார்கள். பெட்டியை மூட முதல், சுபாவின் கையில் அரிசி கொடுத்து வாய்க்கரிசி போடச் சொன்னேன். பாதிரியார் பார்த்துக்கொண்டு நின்றார். உன் அம்மா என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார். அவர் கையிலும் அரிசி போட்டேன். அவரும் உன் வாயருகில் வைத்தார்.

இப்போது என்னிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் யாராவது ஒரு சொல்லுக்குத் தடுமாறினால் என் கை வேலையை விட்டுவிடும். சுபா களைத்து வந்து 'கோப்பை' என்பதற்குப் பதில் 'அந்த... அது' என்றால், நான் எழும்பிப் போய் அவள் முகத்தைப் பார்ப்பேன். "அம்மம்மா, எனக்கு ஒண்டுமில்லை, களைப்பு" என்று ஏசுவாள். களைப்பு என்ற சொல்லை நான் இனி நம்புவதில்லை.

நான் ஒரு சட்டமும் போட்டேன். சுபா போட்ட சட்டத்தை நான் வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா தொலைபேசி எடுத்தால், உன் மகள் ஒரு மணி நேரம் பிரெஞ்சில் மட்டும் கதைக்க வேண்டும். மாமிக்கு அதில் எரிச்சல். "தமிழ், நோர்ஸ்க், இப்ப இதுவும். பிள்ளையின்ர மண்டை என்ன களஞ்சியமோ?" என்றாள். "ஒருத்தர் எண்டாலும் இந்த வீட்டிலை அதைக் கதைக்கத்தான் வேணும்" என்றேன். பிள்ளை தொலைபேசியில் கதைக்க, நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்பேன். செல் வரும், ஓ வரும். மிச்சம் எனக்கு விளங்காது. விளங்க வேண்டியவளுக்கு விளங்குகிறது. அவள் உன்னைப் போலவே கையை ஆட்டித்தான் கதைக்கிறாள். உனக்குப் பிறகு என்னோடு இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

போன ஞாயிறு அவள் தொலைபேசியைக் கையில் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். உன் அம்மா அவளுக்கு 'மமி', நான் 'பூட்டி'.

"பூட்டி, மமி சொல்லுறா, கல்லிலை இருக்கிற அப்பாவின்ர படம் வெயிலுக்கு வெள்ளையாப் போச்சாம். முகம் தெரியேல்லையாம். புதுசு ஒண்டு வேணுமாம்."

சுபா நேற்றுப் படங்களை எல்லாம் மேசையில் பரப்பினாள். எட்டாம் நம்பர்ச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தை எடுத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு, விறைப்பாக, விளம்பரத்துக்கு எடுத்த படம். நான் மற்றதை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் குசினி மேசையில், சாரத்தோடு, ஒரு கையில் புட்டு, மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, எதையோ அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். முகம் கொஞ்சம் அசைந்திருக்கிறது.

"இதுவோ? கல்லறைக்கு ஆரும் வாயைத் திறந்துகொண்டிருக்கிற படம் வைப்பினமோ அம்மம்மா? ஊர்ச்சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கதைக்கிறான் பார், அந்தப் படத்தைப் பெரிசாக்கித் தபாலிலை போடு பிள்ளை."